குழுவாகக் கொரியா போய் வந்தோம்: எங்கே நிற்கலாம், எதை விட்டுவிடலாம்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். கொரியாவுக்கு ஐந்து. கூட்டிப்போனவர்கள் நேரத்தைப் பங்கு போட்ட விதத்துக்கு இரண்டு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது அது. சுற்றுலா நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இப்போது நம் பக்கத்தில் சுற்றும் பயண நோட்டீஸ்களை வாங்கிப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே நிரல்தான் இருக்கிறது. அதனால் இது யார் கூட்டிப்போனாலும் பொருந்தும்.

நான் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் முகப்பிலிருந்து அடுப்படிவரை கூட்டிப்போய்க் காட்டுவதும் நான்தான். அந்தக் கண்ணோடுதான் கொரியாவையும் பார்த்தேன். கடைத்தெருவும் கேளிக்கைப் பூங்காவும் எப்படி என்று தெரிய வேண்டுமானால் வேறு விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு வீடும் கோயிலும் குலமும் முக்கியம்.

நிரல் இப்படி இருந்தது: சியோலில் கியோங்பொக்குங் அரண்மனை, புக்சோன் பழைய வீட்டுத் தெரு, நாம்சான் கோபுரம், மியோங்தோங் கடைத்தெரு, வட கொரிய எல்லை, நாமி தீவு, ஒரு கேளிக்கைப் பூங்கா. அப்புறம் தெற்கே கியோங்ஜு, புசான். நடுநடுவே ஜின்செங் வேர் விற்கும் கடை, முகப்பூச்சுக் கடை என்று பேருந்தை நிறுத்திக்கொண்டே இருந்தார்கள். புல்குக்சா கோயிலுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஜின்செங் கடைக்கும் ஒரு மணி நேரம். என் முதல் குறை இதுதான். எங்களோடு வந்த எழுபது வயது ஆச்சி ஒருவர் அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து, “தம்பி, வேர் நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையிலயும் இருக்கு. அந்தக் கோயில் அங்கே இருக்கா?” என்று குழு மேலாளரைக் கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

கியோங்பொக்குங்கிலிருந்து தொடங்குகிறேன். கொரியாவை ஆண்ட ஜோசன் அரச வம்சம் தொடங்கிய சில ஆண்டுகளில், 1395இல் கட்டிய அரண்மனை. 1592இல் ஜப்பான் படையெடுப்பின்போது எரிந்து, இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் வெறும் மேடாகக் கிடந்தது. 1860களில் மறுபடி கட்டினார்கள். பிறகு ஜப்பான் ஆட்சி வந்து பெரும்பாலான கட்டடங்களை இடித்து, அரியணை மண்டபத்துக்கு நேர் முன்னே, அதை மறைத்தாற்போல தலைமை ஆளுநர் அலுவலகத்தைக் கருங்கல்லில் எழுப்பியது. அது 1926இல் முடிந்தது. விடுதலைக்குப் பிறகும் அந்தக் கட்டடம் அங்கேயேதான் நின்றது, கொஞ்ச காலம் தேசிய அருங்காட்சியகமாகக்கூட இருந்தது. விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில், 1995 ஆகஸ்ட் 15 அன்று அதை இடிக்கத் தொடங்கினார்கள். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். தெரியாமல் போனால் வண்ணம் தீட்டிய பெரிய மண்டபங்கள் வரிசையாகத் தெரியும், அவ்வளவுதான். தெரிந்து போனால், எது பழையது, எது 1990க்குப் பிறகு பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் வைத்துத் திரும்பக் கட்டியது என்று ஒவ்வொரு தூணையும் நிறுத்திக் கேட்கத் தோன்றும்.

அங்கே குளத்துக்கு நடுவே கியோங்ஹோரு என்று ஒரு விருந்து மண்டபம். கீழ்த்தளம் முழுக்கக் கல் தூண்கள், மொத்தம் 48. வெளிவரிசைத் தூண்கள் சதுரம், உள்வரிசை உருண்டை. தூணைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவள் நான். அங்கே கரையிலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. அரியணை மண்டபத்து முற்றத்தில் பாவியிருக்கும் கல் சீராக இழைக்கப்படாமல் கரடுமுரடாக இருக்கும். வெயில் கண்ணில் அடிக்காமல் சிதறவும், மழையில் கால் வழுக்காமல் இருக்கவும் வேண்டுமென்றே அப்படி விட்டார்கள் என்று எங்கள் கொரிய வழிகாட்டிப் பெண் சொன்னாள். மூட்டு வலி உள்ளவர்கள் அந்தக் கல்லில் கவனமாக நடக்க வேண்டும், தட்டையான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

நுழைவுச்சீட்டு நாங்கள் போனபோது 3,000 வொன், நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்குள் வரும். அவர்களுடைய பாரம்பரிய உடையான ஹான்போக் அணிந்து வந்தால் சீட்டு இல்லை. அரண்மனையைச் சுற்றிலும் வாடகைக் கடைகள், உள்ளே எங்கு பார்த்தாலும் பட்டுப் பாவாடை விரித்த பெண்கள். எங்கள் குழுவில் இளையவர்கள் எல்லாம் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நானும் இன்னும் இரண்டு ஆச்சிமாரும் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையில் போனோம். கட்டம் போட்ட அந்த அரக்குச் சிவப்பைப் பார்த்துவிட்டு ஹான்போக் அணிந்த பள்ளிப் பெண்கள் வந்து கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முந்தானையைத் தடவிப் பார்த்து, தறியில் நெய்ததா என்று கைபேசி மொழிபெயர்ப்பில் கேட்டார்கள். அந்த விசாரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உடைக்குச் சலுகை கொடுத்து இளவயதினரை அரண்மனைக்குள் வரவைத்த யோசனையும் பிடித்தது. செவ்வாய்க்கிழமை இந்த அரண்மனைக்கு விடுமுறை. நிரலில் செவ்வாய் போட்டிருந்தால் முன்பணம் கட்டும்போதே கேளுங்கள். காவலர் மாறும் நிகழ்ச்சி காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நடக்கும்.

பக்கத்திலேயே சாங்தொக்குங் என்னும் இன்னொரு அரண்மனை இருக்கிறது. எங்கள் நிரலில் அது இல்லை, வெளியிலிருந்து காட்டிவிட்டு “இதுவும் அதே மாதிரிதான்” என்றார்கள். அதே மாதிரி இல்லவே இல்லை. கடைத்தெருவுக்கென்று விட்ட நேரத்தில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே போனோம். 1405இல் கட்டத் தொடங்கிய அரண்மனை, 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கியோங்பொக்குங் சமதளத்தில் கோடு போட்டாற்போல் இருக்கும். இது மலைச்சரிவு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து போகும். அதன் ஓரத்தில் நாக்சொன்ஜே என்று ஒரு வீடு. அரண்மனைக்குள் இருந்தும், மற்ற மண்டபங்களில் உள்ள ஐந்நிறப் பூச்சு எதுவும் இல்லை. வெறும் மரம், வெள்ளைச் சுவர், காகிதம் ஒட்டிய ஜன்னல். கடைசி அரச குடும்பத்துப் பெண்கள் 1989வரை அங்கே வாழ்ந்து, அங்கேயே இறந்திருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்து கல்யாணமும் ஆன காலத்தில் அந்த அடுப்படியில் புகை வந்திருக்கிறது என்று நினைத்தபோது, அந்த வீட்டைவிட்டு நகர மனம் வரவில்லை. பின்பக்கத் தோட்டம் பார்க்கத் தனிச்சீட்டு வேண்டும், வழிகாட்டியோடுதான் விடுவார்கள், இலையுதிர் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ஜோங்மியோ. கொரியாவில் நான் பார்த்தவற்றில் மனதுக்கு மிக அருகில் வந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எந்தத் தமிழ்நாட்டுச் சுற்றுலா நோட்டீஸிலும் இதை நான் பார்க்கவில்லை. ஜோசன் அரசர்களுக்கும் அரசிகளுக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்கள் படைக்கும் இடம் இது. உள்ளே சிலை இல்லை. பெயர் எழுதிய மரப்பலகைதான் அந்த முன்னோர். பெரிய மண்டபத்தில் 19 அறைகள், 19 அரசர்களுக்கும் 30 அரசிகளுக்குமாக 49 பலகைகள். அரசர்கள் கூடக் கூட அறை போதாமல் மண்டபத்தைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இப்போது அது நூறு மீட்டருக்கு நீள்கிறது. வண்ண வேலைப்பாடு ஒன்றும் கிடையாது.

படைப்பு வீடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பங்காளிகள் கூடி, முன்னோர் பெயரைச் சொல்லி, பேழையில் புதுச்சேலையும் வேட்டியும் வைத்துப் படைத்து, இலை போட்டு உண்கிற குடும்பத்தில் வந்தவள் நான். அங்கே தரையில் மூன்று தடமாகக் கல்பாதை போட்டிருக்கிறார்கள். நடுத்தடம் கொஞ்சம் உயர்ந்திருக்கும், அது முன்னோர் ஆவிகள் நடக்கும் வழி. அதில் மிதிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் அரசர் நடந்தது, இடப்பக்கம் பட்டத்து இளவரசர் நடந்தது. எங்களோடு வந்த ஆச்சி எழுத்தைப் படிப்பதற்கு முன்பே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்தார். மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரிய படையல் நடக்கும், பழைய அரச இசையும் வரிசை நடனமும் உண்டு. அந்தச் சமயத்தில் போகிறவர்களுக்கு என் பொறாமை கலந்த வாழ்த்து. நுழைவு 1,000 வொன். வார நாளில் வழிகாட்டி நடைக்கான நேரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், சனிக்கிழமை தாமாகச் சுற்றலாம்.

புக்சோன் பற்றி எழுதும்போது பார்க்க வந்தவளாகவும் வீட்டுக்காரியாகவும் இருந்து எழுதுகிறேன். இரு அரண்மனைகளுக்கும் இடையே மேடேறும் ஓட்டு வீட்டுத் தெரு அது. அந்த வரிசை வீடுகளில் பெரும்பாலானவை 1920, 30களில் எழுந்தவை. ஜப்பானியக் குடியிருப்பு பெருகிக்கொண்டிருந்த நேரத்தில், ஜோங் செ-க்வோன் என்னும் கொரியக் கட்டுநர் பெரிய மனைகளை வாங்கிப் பிரித்து, நடுத்தரக் குடும்பம் வாங்கும்படி ஹானோக் என்னும் பாரம்பரிய பாணியில் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டி விற்றார். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பலவும் ஏறக்குறைய அதே காலத்தவைதான். அங்கே இப்போது ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெரு முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். அமைதியாக இருங்கள் என்று பலகை பிடித்தபடி ஆட்கள் நிற்கிறார்கள். கூட்டம் மிஞ்சிப்போய், அந்த முக்கியச் சந்துக்கு மாலை 5 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணிவரை பார்வையாளர் வரக்கூடாது என்று 2025 மார்ச் முதல் அபராதத்தோடு விதி போட்டிருக்கிறார்கள். மீறினால் ஒரு லட்சம் வொன்.

எங்கள் குழுவில் சிலர் “தெருவுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்ல இவங்க யாரு” என்று கோபப்பட்டார்கள். எனக்கு அந்த விதி முழுக்கச் சரி என்றே பட்டது. எங்கள் ஊரில் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், குழந்தையைத் தூங்கப்போட்டிருக்கும்போது நிலைக்கதவு வழியாகக் கைபேசியை நீட்டிப் படமெடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீடு காட்டுகிற ஊர் எதுவானாலும் அங்கே வாழ்கிறவருக்கென்று சில மணி நேரத்தை ஒதுக்கத்தான் வேண்டும். புக்சோனுக்கு நாற்பது நிமிடம் போதும். காலை பத்துக்கே போங்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

நாம்சான் கோபுரத்திலிருந்து இரவு விளக்கு பார்க்க அழகு, வரிசை நீளம். நாமி தீவில் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை அழகு, கூட்டம் அதைவிட அதிகம். கேளிக்கைப் பூங்காவுக்குப் போகாமல் ஓய்வெடுத்தேன். வட கொரிய எல்லைக்குக் கட்டாயம் கடவுச்சீட்டு கையில் வேண்டும். அங்கே வட கொரியா தெற்கே நுழையத் தோண்டி, 1978இல் கண்டுபிடிக்கப்பட்ட மூன்றாம் சுரங்கத்துக்குள் சரிவாக இறங்கி, திரும்பி ஏற வேண்டும். மூச்சுத் திணறல், மூட்டு வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துவிடலாம். தொலைநோக்கி வழியாக அந்தப் பக்கத்து வயல் தெரிந்தது. பிரிந்த சொந்தங்களைப் பற்றி வழிகாட்டிப் பெண் பேசும்போது அவள் குரல் மாறியது, பேருந்தில் யாரும் பேசவில்லை.

சியோலிலிருந்து கியோங்ஜுவுக்கு கே.டி.எக்ஸ் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். இந்தப் பயணத்தின் உயிரே கியோங்ஜுதான். அதற்கு ஒரே ஓர் இரவு ஒதுக்கியிருந்தார்கள். சில்லா அரசின் பழைய தலைநகரம் அது. ஊருக்கு நடுவிலேயே புல் முளைத்த மேடுகளாக அரச சமாதிகள். ஏழாம் நூற்றாண்டில் சொந்தொக் என்னும் அரசியின் காலத்தில் எழுப்பிய சொம்சொங்தே வானோக்கு மேடை சுமார் 9 மீட்டர் உயரத்தில் வயல்வெளியில் நிற்கிறது. பெண் ஆண்ட காலத்தில் கட்டியது என்று சொன்னதும் எங்கள் ஆச்சிமார் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

புல்குக்சா கோயிலை 751இல் தொடங்கிக் கட்டினார்கள். 1593இல் மரக்கட்டடங்கள் எரிந்துபோக, கல் வேலை மட்டும் தப்பியது. முற்றத்தில் இரண்டு கல் கோபுரங்கள் எதிரெதிரே. ஒன்று தாபோதாப், நுணுக்கமான செதுக்கு வேலை, அவர்களுடைய 10 வொன் காசில் இருப்பது. அதன் நான்கு சிங்கங்களில் இப்போது ஒன்றுதான் மிச்சம், மற்றவை ஜப்பான் ஆட்சிக் காலத்தில் காணாமல் போயின. மற்றது சொக்காதாப், அலங்காரமே இல்லாத மூன்றடுக்கு. 1966இல் இதைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது உள்ளே மரஅச்சில் பதித்த பழைய பௌத்த மந்திரச் சுருள் கிடைத்தது. உலகில் தப்பியிருக்கும் மிகப் பழைய அச்சு வேலைகளில் அதுவும் ஒன்று. எனக்குப் பிடித்தது சொக்காதாப்தான். 2023 மே மாதத்திலிருந்து இந்தக் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

மலைமேல் சொக்குராம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து காட்டுக்குள் பத்துப் பதினைந்து நிமிட நடை, பாதை பெரும்பாலும் சமதளம். கருங்கல் பாறைகளை வளைவாக அடுக்கிக் கட்டிய செயற்கைக் குகை, நடுவில் சுமார் 3.5 மீட்டர் உயரப் புத்தர். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், படம் எடுக்கக்கூடாது. கண்ணாடியைப் பார்த்ததும் குழுவில் பலருக்கு ஏமாற்றம், இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்கள். அந்தக் கண்ணாடி ஏன் வந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டார்கள்.

1913இல் ஜப்பானியப் பொறியாளர்கள் இதைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போது வெளியே சிமெண்டைப் பூசிவிட்டார்கள். அதுவரை ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாகக் கல் இடுக்கு வழியாகக் காற்று போய் வந்து, ஈரம் தானே காய்ந்திருக்கிறது. சிமெண்ட் அதை அடைத்தது. புத்தர் மேலும் சுவர்ச் சிற்பங்கள் மேலும் நீர் கோத்து, பாசி பிடிக்கத் தொடங்கியது. 1960களில் மேலே இன்னொரு கூடு கட்டி, இயந்திரத்தால் ஈரத்தை வாங்கத் தொடங்கினார்கள். பிறகு கண்ணாடியும் வைத்தார்கள். இன்றுவரை அந்த இயந்திரம்தான் குகையைக் காக்கிறது.

இதைப் படித்தபோது என் வயிறு கலங்கியது. செட்டிநாட்டுச் சுவர் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது. அது மூச்சு விடும் சுவர். வெடிப்பு விட்ட இடத்தில் அவசரத்துக்கு சிமெண்டைப் பூசினால் அடுத்த மழைக்கு ஈரம் உள்ளேயே நின்று, பக்கத்தில் நன்றாக இருந்த பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். எத்தனை வீட்டில் இது நடந்திருக்கிறது என்று கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சொக்குராம் கண்ணாடிக்கு முன்னால் ஒவ்வொரு பங்காளியையும் ஐந்து நிமிடம் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

கியோங்ஜுவில் தங்கியது ஹானோக் வீட்டு விடுதி. இந்த ஏற்பாட்டுக்காக நிறுவனத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஒண்டோல் தரை என்பது தரைக்கடியில் சூடு. பழைய வீடுகளில் அடுப்படி நெருப்பின் புகை கல்பலகைகளுக்கு அடியில் ஓடி, மறுபக்கப் புகைபோக்கி வழியாக வெளியேறும். சமைத்த சூட்டிலேயே அறை சூடாகிவிடும். இப்போது பெரும்பாலும் வெந்நீர்க் குழாய். நாம் வெயிலுக்கு ஆத்தங்குடிக் கல்லில் குளிர்ச்சி தேடிப் படுப்போம், அவர்கள் குளிருக்குத் தரையில் சூடு தேடிப் படுக்கிறார்கள். கூரை இறவாரத்தை நீளமாக இழுத்திருக்கிறார்கள். கோடையில் உச்சியில் நிற்கும் வெயில் உள்ளே வராது, குளிர்காலத்தில் சாய்ந்து வரும் வெயில் திண்ணை தாண்டி அறைவரை வரும். எங்கள் வளவில் நாலுபக்க ஓடும் முற்றத்துக்கு மழையைக் கொண்டுவந்து சேர்ப்பதைப் போல, அங்கே கூரை வெயிலைக் கணக்குப் பார்த்து உள்ளே விடுகிறது. தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டியிருக்கும். எழுந்திருக்கச் சிரமப்படுகிறவர்கள் கட்டில் அறை வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் பிற்பகல் கடை பார்க்க நேரம் விட்டார்கள். கியோங்ஜுவில் 1939 முதல் செய்யும் சிவப்புப் பயறு பூரணம் வைத்த ஹ்வாங்னாம் ரொட்டியை வாங்கிக்கொண்டு, டாக்சி பிடித்து யாங்தோங் கிராமத்துக்குப் போனோம், அரை மணி நேரம். ஓட்டுநருக்கு ஆங்கிலம் வராது, பாப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியில் பேசினோம், சிரமம் இல்லை. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கிராமம். சோன், யீ என்னும் இரண்டு குலத்தார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெண் கொடுத்தும் எடுத்தும் வாழும் ஊர். மேட்டில் ஓட்டு வீடுகள் பெரிய குடும்பங்களுக்கு, தாழ்வில் வைக்கோல் வேய்ந்த வீடுகள் வேலைக்காரர்களுக்கு என்று இருந்திருக்கிறது. ஆண்கள் விருந்தாளியைப் பார்க்கும் கட்டு முன்னால், பெண்கள் கட்டு உள்ளே. முற்றத்தின் ஓரத்தில் சோயா விழுதும் மிளகாய் விழுதும் ஊறும் மண்ஜாடிகள் வரிசையாக நின்றன. இந்த விழுதுகள் செய்யும் முறை 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மாவடுவும் நார்த்தங்காயும் ஊறும் ஜாடிகளை வெயிலுக்கு நகர்த்தியே கை காய்த்த அப்பத்தாமார் எங்கள் வீடுகளில் உண்டு. அந்த மண்ஜாடிகள் முன்னால் நாங்கள் நெடுநேரம் நின்றோம்.

அந்த ஊரில் சொபெக்தாங் என்று சோன் குலத்தின் மூத்த வீடு. ஊர்க்கதை இது: அந்த வீட்டில் மூன்று பெரிய மனிதர் பிறப்பார்கள் என்று மனை பார்த்தவர் சொன்னாராம். முதலாமவர் சோன் குலத்திலேயே பிறந்தார். இரண்டாவதாகப் பிறந்தவர் கல்யாணமாகிப் போன மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தபோது பிறந்த யீ ஓன்-ஜோக், 1491இல். கொரியாவின் பெரிய கன்பூசிய அறிஞர்களில் ஒருவர். பெருமை யீ குலத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு கட்டிக்கொடுத்த மகள்களை அந்த வீட்டில் பிள்ளை பெற விடுவதில்லையாம், மூன்றாமவர் இன்னும் பிறக்கவில்லையாம். தலைப்பிள்ளைக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த எங்கள் எல்லோருக்கும் இந்தக் கதை உடனே பிடிபட்டது. “அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபட்டிருக்கும்” என்றுதான் எங்கள் ஆச்சி முதலில் கேட்டார். முற்றத்தில் ஐந்நூறு வயதைக் கடந்த ஒரு மரம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

குல வழக்கத்தைப் பற்றி இன்னொன்றும் அங்கே விசாரித்தேன். ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்விக ஊரும் உள்ளவர்கள் மணந்துகொள்ளக்கூடாது என்பது கொரியாவில் சட்டமாகவே இருந்திருக்கிறது. 1997இல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பங்காளிக்குள் கட்டிவிடக்கூடாதென்று, இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று குலக் கோயிலைக் கேட்டுவிட்டே சம்பந்தம் பேசுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது வேற்று நாட்டுச் செய்தியாகவே இல்லை.

சியோல் திரும்பும்போது சுங்னேமுன் வாசலைப் பேருந்து சுற்றிக்கொண்டு போனது. 2008இல் ஒருவன் தீ வைத்து எரித்த வாசல். 2013இல் திரும்பக் கட்டித் திறந்தார்கள். சில மாதத்திலேயே வண்ணம் உரிந்தது. பழைய முறைச் சாயமும் பசையும் போட வேண்டிய இடத்தில் வேதிப்பொருள் கலந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது, நாடே கொதித்தது. வண்ணம் உரிந்ததற்கு ஒரு நாடு கொதிக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். 1962 முதல் அவர்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. மரபுக் கலையும் கைவேலையும் தெரிந்த மூத்தவரை அரசே அங்கீகரித்து, மாதப் பணம் கொடுத்து, சீடர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைக்கிறது. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வெள்ளைக்கருப் பூச்சு இழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி நான் ஊர் ஊராகக் கேட்கிறேன். பர்மா தேக்குத் தூண்களோ காரைக்குடியில் பழம்பொருள் கடை வாசலில் சாத்தி வைத்து விலை பேசப்படுகின்றன. ஒரு முகப்பு நிலைவாசலை விற்றவர்கள், அதைத் திரும்பச் செதுக்க ஆள் இருக்கிறாரா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு விற்கலாம்.

சாப்பாடு. காலையில் விடுதியில், மதியமும் இரவும் பெரும்பாலும் இந்திய உணவகம். கொரியா போய் வாரம் முழுக்க பன்னீர் சாப்பிட்டது எனக்கு உடன்பாடில்லை. சியோலின் குவாங்ஜாங் சந்தையில் பாசிப்பயற்றை ஊறவைத்துக் கல்லில் அரைத்து எண்ணெயில் முறுகச் சுடும் பிந்தேத்தோக் சாப்பிட்டோம், கிட்டத்தட்ட நம் அடை. சில கடையில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவம் மட்டும் உண்பவர்கள் கவனிக்க: கிம்ச்சி என்னும் காய்கறி ஊறுகாயில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பில் ஊறிய இறாலோ இருக்கும். காய்கறி கலந்த சோறான பிபிம்பாப்பை இறைச்சி இல்லாமல் கேட்டால் செய்து தருவார்கள். புத்த மடத்து உணவு முழுச் சைவம், பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. சோற்றோடு சின்னத் தட்டுகளில் வரும் தொடுகறிகளை மறுபடி கேட்டால் காசில்லாமல் தருவார்கள். அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

முன்பணம் கட்டுமுன் இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: கியோங்ஜுவில் இரண்டு இரவு உண்டா, யாங்தோங் அல்லது அதைப் போன்ற, ஆந்தோங் பக்கத்து ஹாஹோ கிராமம் உண்டா, ஜோங்மியோ உண்டா, கட்டாயக் கடை நிறுத்தம் எத்தனை. கேளிக்கைப் பூங்காவை எடுத்துவிட்டு அந்த நாளைக் கியோங்ஜுவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்குப் பிறகு போன குழுவுக்கு நாங்கள் இதையே சொல்லி அனுப்பினோம். மேலாளர் முதலில் தயங்கினார். பத்துப் பேர் சேர்ந்து கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்.